டயர் இங்கே, டிராக் எங்கே?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஒரு மெக்கானிக் ஷெட். வாசலில் சர்வீஸுக்கு வந்த ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே, தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் வண்டி மட்டும் வேறு ரகம். ஹெட்லைட் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, சைடு ஸ்டாண்டும் கழற்றப்பட்டிருக்கிறது. பின் சக்கரத்தில் பட்டன் டயர். பழைய ஸ்ப்ராக்கெட்டை எடுத்துவிட்டு நாலைந்து பல் கூடுதலான ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். டாப் ஸ்பீடு குறையும். ஆனால், மண்ணில் இழுவை கிடைக்கும். முன் ஃபோர்க்கில் கெட்டியான ஆயில். சைலென்சரைப் பக்கத்து லேத்காரர் மேலே தூக்கி வெல்டு வைத்திருக்கிறார். ஹேண்டில்பார் புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கியது. முழுக்க முழுக்க மண்ணில் ஓட்டுவதற்காகவே கட்டிய வண்டி. அதை ஓட்டிப் பார்க்க வடசென்னையில் ஒரு துண்டு மண் கிடையாது.

இந்த வட்டாரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்பது புரியும். கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் பொம்மை பலூன் செய்யக் கொட்டகை போட்டது இதே திருவொற்றியூரில்தான். அந்தக் கொட்டகைதான் எம்.ஆர்.எஃப். ஆனது. 1955-லிருந்து இங்கே என்ஃபீல்டு புல்லட் தயாரானது. எண்ணூரில் அசோக் லேலண்ட். மணலியில் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கிறார்கள். காமராஜர் துறைமுகத்திலிருந்து கார்கள் கப்பலேறுகின்றன. மோட்டார் பந்தயத்துக்கு வேண்டிய அத்தனையும் இந்த மக்களின் கை வழியாகத்தான் போகிறது. பந்தயம் மட்டும் இவர்கள் கைக்கு எட்டவில்லை.

புல்லட்டின் பூர்வீகமே மண்தான் என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றாவது வருடம், 1948-ல், இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் சோதனைப் போட்டியில் பிரிட்டன் அணியில் புதிய புல்லட்டுகள் இறங்கின. பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த வண்டிகள். அவற்றை ஓட்டியவர்கள் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். மலைப்பாதையிலும் சேற்றிலும் தன்னை நிரூபித்த அந்த வண்டியைத்தான் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்தது. அதன் வழியாகத்தான் திருவொற்றியூருக்குத் தொழிற்சாலையே வந்தது. நடிகர் அஜித்குமார் தன் பதின்ம வயதில் என்ஃபீல்டில் பயிற்சி மெக்கானிக்காக இருந்தவர் என்பதைத் தமிழ் ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேனர் பிடித்த கை ஸ்டியரிங் பிடித்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி அதன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. ஆனால், நடுவில் ஒரு சினிமா வாழ்க்கை கைகொடுக்க வேண்டியிருந்தது. அது எத்தனை மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கும்?

சோழவரம் என்ற சொத்து

வடசென்னைக்கு ஒரு காலத்தில் பந்தயம் பக்கத்திலேயே இருந்தது. செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையில் சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்து சும்மா கிடந்த அந்த ஓடுதளத்தில் கார்களும் பைக்குகளும் ஓடத் தொடங்கின. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. நாடெங்கிலுமிருந்து போட்டியாளர்கள் வந்தார்கள். மன்னர் குடும்பத்தினர் இறக்குமதி கார்களில் வந்த அதே களத்தில், தானே போர் போட்டு, தானே கார்புரேட்டர் குடைந்த உள்ளூர் மெக்கானிக்கும் இறங்க முடிந்தது. பார்வையாளர்கள் சைக்கிளிலும் லாரியிலும் வந்து குவிந்தார்கள்.

பின்னர் கிளப் சொந்த நிலம் வாங்கி, 1990-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. 3.7 கிலோமீட்டர் தார்த் தடம், பாதுகாப்பான வளைவுகள், முறையான பிட் வசதி. நாட்டின் பந்தயத் தரத்தை உயர்த்திய நல்ல முடிவு அது, மறுக்க முடியாது. ஆனால், நகரத்தின் தென்மேற்கு மூலைக்குப் பந்தயம் நகர்ந்ததும், வடக்கில் இருந்தவர்களுக்கு அது வேறு ஊர் விஷயமாகிவிட்டது.

சோழவரத்தில் வளர்ந்த ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். கோவை எஸ்.கரிவரதன். 1988-ல் மாருதி 800 எஞ்சினை வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை இங்கேயே வடிவமைத்தார். இறக்குமதி கார் வாங்க முடியாத இளைஞர்கள் அதில்தான் கற்றுக்கொண்டார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன் களத்துக்குப் போன நரேன் கார்த்திகேயனின் தொடக்கமும் அந்த ஃபார்முலா மாருதிதான். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதன் விட்டுச்சென்ற பாடம் ஒன்று உண்டு: செலவைக் குறைக்க யாராவது உட்கார்ந்து யோசித்தால்தான் இந்த விளையாட்டில் புதிய ஆட்கள் வருவார்கள்.

ஒரு சீசனுக்கு என்ன ஆகும்?

மண் பந்தயம், அதாவது டர்ட் டிராக், மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ், ராலி என்று பல பெயர்களில் நடப்பது, மோட்டார் பந்தயங்களில் மலிவானது என்பார்கள். தார்த் தடத்தோடு ஒப்பிட்டால் உண்மை. ஆனால், யாருக்கு மலிவு?

வண்டியிலிருந்து தொடங்குவோம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் போன்ற உள்நாட்டு வண்டி ஒன்றரை லட்சத்துக்குச் சற்று முன்பின். பந்தயத்துக்கென்றே பிறந்த கவாசாகி கே.எக்ஸ். 250 வேண்டுமென்றால் ஏழெட்டு லட்சம் ரூபாய். அதற்கு நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்டவும் கூடாது. நல்ல செய்தியும் உண்டு. 2024 டிசம்பரில் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு வந்த கவாசாகி கே.எல்.எக்ஸ். 230, உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கியதும் இரண்டு லட்சத்துக்குள் இறங்கிவிட்டது. 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமானதும் கைகொடுத்தது.

அடுத்து, உடம்புக்கு. ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கால் கவசம், கணுக்காலைக் காக்கும் பூட்ஸ், கையுறை. சிக்கனமாகப் பார்த்தாலும் முப்பது, நாற்பதாயிரம். இதில் சிக்கனம் பார்ப்பதுதான் ஆபத்து. சாதாரண ஷூ போட்டுக்கொண்டு மண்ணில் கால் ஊன்றினால் கணுக்கால் திரும்பிவிடும். பிறகு தேய்மானம். மண் ஏர் ஃபில்டரை அடைக்கும். அடைத்ததைக் கழுவாமல் ஓட்டினால் பிஸ்டன் கீறும். பிஸ்டன் கீறினால் போர் போட வேண்டும். கிளட்ச் பிளேட், செயின், பிரேக் பேட் எல்லாம் ரோட்டு வண்டியைவிடப் பல மடங்கு வேகமாகத் தேயும். பட்டன் டயர் ஒரு ஜோடி ஆறேழு ஆயிரம். தீவிரமாக ஓட்டுபவருக்கு அது இரண்டு, மூன்று போட்டிக்குமேல் தாங்காது.

இதற்குப் பிறகுதான் பயணம். ரோட்டில் ஓட்ட முடியாத வண்டியைக் குட்டி யானையில் ஏற்ற வேண்டும். இருங்காட்டுக்கோட்டைக்கு என்றால் ஒருநாள் வாடகை. கோவைக்கும் பெங்களூருக்கும் என்றால் இரவுப் பயணம், டிரைவர் படி, தங்கும் செலவு, கூட வரும் மெக்கானிக்கின் இரண்டு நாள் வேலை நஷ்டம். மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம், மருத்துவச் சான்று, நுழைவுக் கட்டணம் தனி. ஒரு வருடத்தில் நாலைந்து போட்டிக்குப் போவதென்றால், வண்டி வாங்கிய காசை விட்டுவிட்டாலும் ஒரு லட்சம் கையை விட்டுப் போகும். துறைமுகத்திலோ மணலி கம்பெனியிலோ ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கு மாதம் பதினைந்து, இருபதாயிரம் சம்பளம். அவர் மகனுக்கு இந்தக் கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் சரிவராது.

யாரும் எழுதி வைக்காத செலவு ஒன்று உண்டு. அடிபட்டால்? வழக்கமான வண்டி இன்ஷூரன்ஸ் பந்தயத்தை ஏற்காது. தனிநபர் விபத்து பாலிசிகள் பலவற்றிலும் பந்தயத்துக்கு விலக்கு உண்டு. காலர் போன் முறிவது இந்த விளையாட்டில் சகஜம். ஒன்றரை மாதம் கையைத் தூக்க முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது ஓய்வு. லேத்தில் தினக்கூலிக்கு நிற்பவனுக்கு ஒன்றரை மாதம் அடுப்பு எரியாது. இந்த விளையாட்டுக்குள் வருபவர்களை வடிகட்டுவது திறமையைவிட இந்த ஒன்றரை மாதம்தான் என்று நான் நினைக்கிறேன்.

போட்டி நடத்துகிறவர்களின் பாடும் லேசானதில்லை. மேடு கட்டவும் குழி வெட்டவும் ஜேசிபி, புழுதி அடங்கத் தண்ணீர் லாரி, ஆம்புலன்ஸ்கள், டாக்டர், கொடி காட்டும் மார்ஷல்கள், வேலி, போலீஸ் அனுமதி. ஸ்பான்சர் கிடைத்த வருடம் போட்டி நடக்கும். கிடைக்காத வருடம் நடக்காது. டி.வி.எஸ். நிறுவனம் 1982-லேயே பந்தய அணி தொடங்கியது, எம்.ஆர்.எஃப். பல ஆண்டுகளாகத் தேசியப் போட்டிகளுக்குப் பெயரும் பணமும் கொடுத்துவந்திருக்கிறது. இந்த இரண்டு தமிழ்நாட்டு நிறுவனங்களும் இல்லையென்றால் இந்தியாவில் மண் பந்தயமே நின்றிருக்கும் என்று சொன்னால் மிகையில்லை. அந்த அணிகளின் பார்வைக்கு ஒரு பையன் வருவதற்கே முதலில் சில வருடங்கள் சொந்தக் காசில் ஓட்டியாக வேண்டும் என்பதுதான் சிக்கல்.

மண் இல்லாவிட்டால் ரோடு

அந்தச் சில வருடங்களை வாங்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலை நள்ளிரவில் சற்று ஓய்ந்ததும், மாதவரம் பக்கம் புறவழிச் சாலை காலியானதும், வண்டிகள் வரிசை கட்டும். பைக் ரேஸ், ஆட்டோ ரேஸ், பந்தயப் பணம். எதிரே விளக்கில்லாமல் திரும்பும் டிரெய்லரையோ, ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருபவரையோ யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல்முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மறுமுறை ஒரு வருடம் வரை சிறை. ஓட்டியவர் சிறுவனாக இருந்தால் பெற்றோரும் சிறைக்குப் போக நேரிடும். வண்டிகளைப் பறிமுதல் செய்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்துகிறார்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த பிரபல யூடியூபரின் ஓட்டுநர் உரிமம் பத்து வருடங்களுக்கு முடக்கப்பட்டது.

போலீஸின் வேலை அது, செய்யத்தான் வேண்டும். ஆனால், வேகத்தின் மீது ஆசையுள்ள பதினெட்டு வயதுப் பையனுக்கு எதைச் செய்யாதே என்று சொல்ல இத்தனை பேர் இருக்கிறோம். எங்கே போய் ஓட்டு என்று சொல்ல யாருமில்லை. மண் தடத்தில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகமே உடம்பை நடுங்க வைத்துவிடும். குண்டும் குழியும், இறுக்கமான வளைவும், தாவிக் குதிக்கும் மேடும் அவனுடைய ஆசையைத் தீர்த்துவிடும். எதிரே லாரி வராது.

மண் என்றால் ஆபத்தே இல்லை என்று எழுத எனக்கு மனம் வராது. 2023-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் மூத்த கார் பந்தய வீரர் கே.இ.குமாரும், ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனும் முறையான தார்த் தடத்திலேயே இறந்தார்கள். மண்ணும் விதிவிலக்கல்ல. இலங்கையில், தியத்தலாவையில் ராணுவ அகாடமி நடத்தும் ஃபாக்ஸ் ஹில் சூப்பர் கிராஸ், மக்கள் குடும்பத்தோடு திரளும் மண் பந்தயத் திருவிழா. 2024 ஏப்ரல் 21 அன்று அங்கே ஒரு கார் தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். ஓட்டுபவரைக் காப்பாற்ற ஹெல்மெட் இருக்கிறது. வேலியோரம் நிற்பவரைக் காப்பாற்ற நடத்துகிறவரின் பொறுப்பு மட்டும்தான் இருக்கிறது. மண் பந்தயம் கேட்கிறவர்கள் இந்த ஏழு உயிர்களையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் வடசென்னைக்கு ஒரு பலம் உண்டு. ராயபுரம் அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை. பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி 1971-ல் அங்கே தொடங்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு, தொழிற்சாலை இயந்திரங்களில் சிக்கிய எத்தனையோ கைகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. எலும்பு முறிவைப் பார்த்துப் பழகிய ஊர் இது. போட்டிக் களத்துக்கு எட்டும் தூரத்தில் இப்படியொரு மருத்துவமனை அமைவது அபூர்வம்.

கையுறை எல்லோருக்கும் பொது

இந்திய மண் பந்தயத்தின் மேல்மட்டம் இன்று நன்றாகவே இருக்கிறது. 2015-ல் சி.எஸ்.சந்தோஷ் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரானார். 2019-ல் ஐஸ்வர்யா பிஸே பாஜா உலகக் கோப்பையின் மகளிர் பட்டத்தை வென்றார். 2024 டக்காரில் கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு ஜனவரியில் புணேவில் தொடங்கிய இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக், வெளிநாட்டு வீரர்களோடு ஸ்டேடியங்களை நிரப்பியது. உலகின் மிகப்பெரிய மண் பைக் நிறுவனங்களில் ஒன்றான ஆஸ்திரியாவின் கே.டி.எம். 2024 இறுதியில் திவால் நடவடிக்கைக்குள் விழுந்தபோது, 80 கோடி யூரோ போட்டுக் காப்பாற்றியது நம் பஜாஜ். இந்திய நிறுவனங்களிடம் பணமும் இருக்கிறது, திறமையும் இருக்கிறது. கீழ்ப்படிதான் உடைந்து கிடக்கிறது.

அதைச் சரிசெய்யும் வழி வடசென்னைக்கு ஏற்கெனவே தெரியும். இந்த ஊரின் குத்துச்சண்டைக் கிளப்புகளில் ஒவ்வொரு பையனும் சொந்தமாக ரிங் வாங்கிக்கொண்டா வருகிறான்? கையுறை பொது, மூட்டை பொது, வாத்தியார் பொது. கேரம் கிளப்பில் பலகை பொது. அப்படிப்பட்ட கிளப்பிலிருந்துதான் ஆட்டோ ஓட்டுநர் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். மண் பந்தயத்திலும் இதுவே நடக்கட்டும். பத்துப் பன்னிரண்டு உள்நாட்டு வண்டிகள், அளவு வாரியாக இருபது செட் கவசங்கள், ஒரு பயிற்சியாளர், ஒரு மெக்கானிக். வண்டி கிளப்புடையது, ஓட்டுபவர் அரை மணி நேரத்துக்குப் பெட்ரோல் காசு கொடுத்தால் போதும். தேய்ந்த பிரேக் பேடையும் கிளட்ச் பிளேட்டையும் மாற்றும் வேலையை அரசு ஐ.டி.ஐ. மாணவர்களின் பயிற்சியோடு சேர்த்துவிடலாம். சந்தோஷ் பெங்களூருக்குப் பக்கத்தில் கோலாரில் பிக்ராக் டர்ட் பார்க் என்ற பயிற்சிக் களத்தை நடத்திக் காட்டியிருக்கிறார். அது தனியார் முயற்சி. நம்முடையது பொது முயற்சியாக இருந்தால் கட்டணம் இன்னும் இறங்கும்.

நிலம் எங்கே என்பார்கள். எண்ணூர் கழிமுகத்தைக் கை காட்டுபவர்கள் இருப்பார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே கூடாது. காலியாகத் தெரியும் அந்தச் சதுப்பில் இருளர் குடும்பங்கள் கையால் இறால் தடவிப் பிழைக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர் வலையும் படகும் நாசமான காயமே இன்னும் ஆறவில்லை. சாம்பல் குட்டைகளும் கூடாது. அந்தப் புழுதி நுரையீரலுக்கு விஷம். மூடிய தொழிற்சாலை வளாகங்களும் சரக்கு முனையங்களின் உபரி நிலமும் உண்டு. மண்ணைப் பரிசோதித்த பிறகே தொட வேண்டும். பயிற்சிக்கு ஐந்து ஏக்கர் போதும். நிரந்தரமாகத் தர மனமில்லையென்றால் அதற்கும் வழியுண்டு. இங்கிலாந்தில் ஒரு விவசாயி தன் நிலத்தை வருடத்தில் 14 நாட்கள் வரை தனியாகத் திட்ட அனுமதி கேட்காமலே மோட்டார் பந்தயத்துக்கு விடலாம். அந்த ஊர் அமெச்சூர் மோட்டோகிராஸ் கிளப்புகள் பல, பந்தயம் முடிந்ததும் மறுபடி மாடு மேயும் வயல்களில்தான் உயிர் வாழ்கின்றன.

குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் புழுதிக்குத் தண்ணீர் தெளிப்பதா என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. குடிநீரில் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. கொடுங்கையூரில் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்து, மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன்கொண்ட நிலையம் 2019 முதல் இயங்குகிறது. அதிலிருந்து வாரத்துக்குச் சில லாரித் தண்ணீர் போதும். சத்தத்துக்கும் விடை வந்துகொண்டிருக்கிறது. பெங்களூரின் அல்ட்ராவயலெட் நிறுவனம் 2025-ல் 120 கிலோ எடையுள்ள மின்சார மண் பைக்கை ஒன்றரை லட்சம் ரூபாய் அறிமுக விலையில் அறிவித்தது. ஏர் ஃபில்டர் இல்லை, கிளட்ச் இல்லை, பிஸ்டன் இல்லை. குடியிருப்புக்குப் பக்கத்தில் பயிற்சிக் களம் அமைய இந்த ரக வண்டிதான் வழிவிடும். பேட்டரி மாற்றும் செலவைக் கிளப் தாங்கும். தனி ஆள் தாங்க மாட்டார்.

பணம்? 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவு வெளிச்சத்தில் ஓடின. ராயபுரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர். இரண்டு நாள் பந்தயத்துக்காக அரசு இயந்திரமே இறங்கி 3.5 கிலோமீட்டர் நகரச் சாலையை உலகத் தரத்துக்குத் தயார் செய்தது. அதைக் குறைசொல்வதற்காக எழுதவில்லை. செய்ய முடியும் என்று காட்டியதற்காகவே நினைவுபடுத்துகிறேன். அதே ஆண்டு மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அந்தத் தொகையில் ஒரு மண் தடத்துக்கான செலவு கண்ணுக்கே தெரியாது.

ஆக, மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். சோழவரத்தின் பழைய ஓடுதளத்தை ஒட்டி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை வார இறுதிகளில் மட்டும் ஐந்து ஏக்கர் தரும்படி, நிலத்தை வைத்திருக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மாநில அரசு எழுத வேண்டும். இலங்கையில் ராணுவமே மண் பந்தயம் நடத்தும்போது, இங்கே நிலம் மட்டும் கேட்பதில் தவறில்லை. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கவசங்களையும் பயிற்சியாளர் சம்பளத்தையும், ஓட்டுபவர் ஒவ்வொருவருக்கும் சம்பள இழப்பையும் ஈடுகட்டும் குழு இன்ஷூரன்ஸையும் ஏற்க வேண்டும். டயரும் வண்டியும் செய்து இந்த ஊரில் வேர்விட்ட நிறுவனங்கள், முதல் பன்னிரண்டு வண்டிகளையும் அவற்றுக்கு வருடாவருடம் டயரையும் கொடுக்க வேண்டும். பெயர்ப் பதிவு திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர் மெக்கானிக் ஷெட்டுகளிலேயே நடக்கட்டும். ஓட்டத் தெரிந்த பையன்கள் யார் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.